அக்கா யாரை முதலில் பார்த்தார்

அக்கா மறைந்து ஓராண்டு நிறைந்த இந்நாளில் இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தங்களுக்கும் நண்பர்களுக்கும், அவரிடம் சிகிச்சை பெற்று நலமடைந்து இன்று வந்திருக்கும் குடும்பங்களுக்கும் என் வணக்கம்.

அக்காவைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதி உள்ளவர்கள் உண்டு. அவரோடு பணியாற்றிய மருத்துவர்கள் இருக்கிறார்கள். அத்தானே தமிழாசிரியர். ஆனாலும் அத்தான் என்னைத்தான் எழுதச் சொன்னார். நான் அச்சகத்தில் பிழை திருத்துகிறவள் என்பது அதற்குக் காரணமல்ல. "அவகிட்ட பதினோரு மாசம் பேசாம இருந்தவ நீதான். நீ எழுதுனாத்தான் நெசமா இருக்கும்" என்றார். அந்தப் பதினோரு மாதத்தையும் மறைக்காமல் எழுதியிருக்கிறேன். என் கணவரிடம் படித்துக் காட்டி, அவர் சம்மதத்தோடுதான் அச்சுக்குக் கொடுத்தேன்.

அக்கா பிறந்தது விஸ்வநத்தத்தில். முந்தைய தலைமுறை வரை பிறர் காட்டில் கூலிக்குப் போன குடும்பம் எங்களுடையது. அப்பா பட்டாசு ஆலைகளுக்கு ஆள் ஏற்றிப் போகும் வேன் ஓட்டினார். அம்மா அதே வேனில் போய் ஆலையில் சரம் பின்னினார். இருவரும் விடிந்ததும் கிளம்பிவிடுவார்கள். என்னைக் குளிப்பாட்டி, தலை வாரி, அழ அழப் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துப் போனது அக்காதான். என்னைவிட ஒன்பது வயது மூத்தவர். எனக்குப் பாதி அம்மா. கோபம் வந்தால் முழு அப்பா.

அரசுப் பள்ளியில் படித்து, நல்ல மதிப்பெண் வாங்கி, மதுரையில் மருத்துவம் சேர்ந்தார். முதல் ஆண்டிலேயே ஒருமுறை பெட்டியோடு வீட்டுக்கு வந்துவிட்டார். பாடமெல்லாம் ஆங்கிலத்தில் ஓடுகிறது, ஒரு வரி புரியவில்லை, இனிப் போக மாட்டேன் என்று சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். அப்பா அறிவுரை ஏதும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் காலையில், ஆலைக்குப் போகும் ஆட்களோடு அக்காவையும் வேனில் ஏற்றினார். அங்கே இறக்கிவிட்டு, "இல்லன்னா இதுதான் வேலை, பாத்துட்டு வா" என்றாராம். மாலையில் அக்கா மதுரைப் பேருந்தில் இருந்தார்.

ஊரில் நடக்கும் வெடி விபத்துகளைப் பார்த்துத்தானே அறுவை சிகிச்சை படித்தீர்கள் என்று பலர் அக்காவிடம் கேட்பார்கள். அப்படியொரு கதையை அவர் ஒருபோதும் ஒப்புக்கொண்டதில்லை. "குழந்தை மருத்துவம்தான் கேட்டேன். கெடச்சது இது" என்பார். கிடைத்ததை ஏனோதானோ என்று படிக்க அவருக்குத் தெரியாது. விபத்தில் அடிபட்டு வருபவர்களுக்கான அறுவை சிகிச்சையில் தனிப் பயிற்சி பெற்று, எங்கள் பகுதி அரசு மருத்துவமனை ஒன்றின் அவசரப் பிரிவுக்கு வந்தார். பிறகு எத்தனையோ அழைப்புகள் வந்தும் வேறெங்கும் போகவில்லை.

அங்கே வருகிறவர்களில் சிலர் பொய்யோடு வருவார்கள். அனுமதியில்லாத கொட்டகையில் வேலை பார்த்துக் கருகியவர்கள், "அடுப்புல பட்டுருச்சு" என்பார்கள். வேலை கொடுத்தவர் வாசலில் நின்றுகொண்டிருப்பார். ஆனால் உள்ளங்கை ரேகைக்குள் அலுமினியப் பொடி வெள்ளியாக ஒட்டியிருக்கும். அக்கா, நோயாளியோடு வந்தவர்களை எல்லாம் வெளியே அனுப்பிவிட்டு, காவல்துறைக்கு எழுத வேண்டியதை எழுதத்தான் செய்வேன், அது என் கடமை என்று முதலிலேயே சொல்லிவிடுவார். பிறகு, உடம்பில் பட்டது என்ன வெடிமருந்து என்று மட்டும் கேட்பார். அது தெரிந்தால்தான் புண்ணைச் சரியாகக் கழுவ முடியும். சட்டம் கேட்பதைத் தவிர, நோயாளி தன்னிடம் சொன்ன வேறெதையும் அந்த அறைக்கு வெளியே கொண்டுபோக மாட்டேன் என்பார். கொண்டுபோனதும் இல்லை.

ஒரே நேரத்தில் பலர் வந்தால், மணிக்கட்டில் நாடா கட்டுவார்கள். உடனே செய்யாவிட்டால் உயிர் போகும் என்றால் சிவப்பு. காத்திருக்கலாம் என்றால் மஞ்சள். சின்னக் காயம் என்றால் பச்சை. இது அக்கா கண்டுபிடித்த முறையல்ல. மருத்துவப் புத்தகத்தில் உள்ளதுதான். யாருக்காகவும் அதை மாற்றாமல் இருந்தது மட்டுமே அக்கா செய்தது. பெரிய மனிதர்கள் தொலைபேசியில் அழைத்து, நம்ம ஆள் ஒருத்தர் வந்திருக்கார், கொஞ்சம் பார்த்துக்கோங்க என்றால், "அவருக்கு என்ன நாடா கட்டியிருக்கு?" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவார். இதனால் இரண்டு முறை இடமாற்ற உத்தரவு வந்தது. இரண்டு முறையும் சுற்றுவட்டாரப் பெண்கள் வேன் வேனாக வந்து ஆட்சியர் அலுவலக வாசலில் உட்கார்ந்த பிறகு உத்தரவு திரும்பப் போனது.

இதையெல்லாம் நான் பெருமையாகச் சொல்லித் திரிந்தவள்தான். அந்த நாடா என் வீட்டுக்கு வரும்வரை.

அந்த ஆண்டு தீபாவளிக்கு இரண்டு மாதம் இருந்தது. சீசன் உச்சத்தில் இருந்த நேரம். என் கணவர் ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் போர்மேன். எந்த அறையில் யார் உட்கார்ந்து என்ன வேலை பார்ப்பது என்று ஆட்களைப் பிரித்து அனுப்புவது அவர் பொறுப்பு. ஒரு நாள் காலை பதினொரு மணி இருக்கும். அச்சகத்தில் காலண்டர் தாள் ஒன்றில் பிழை பார்த்துக்கொண்டிருந்தேன். என் கணவரோடு வேலை பார்க்கும் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். "அண்ணாச்சி உசுரோட இருக்காக. நீங்க ஆஸ்பத்திரிக்கு வந்துருங்க" என்றார். உடனே வைத்துவிட்டார்.

நான் போய்ச் சேர்ந்தபோது அவசரப் பிரிவின் நடைபாதை முழுக்க ஆட்கள். தரையெல்லாம் ஈரம். கருகிய துணியின் வாடை. என் கணவர் ஒரு தள்ளுவண்டியில் கிடந்தார். இடது கையை யாரோ ஒரு வேட்டித் துணியால் சுற்றியிருந்தார்கள். துணி முழுவதும் சிவந்து, நுனியிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. அக்கா அந்தப் பக்கம் வருவதைப் பார்த்ததும் எனக்குப் போன உயிர் திரும்பியது. நம்ம அக்கா இருக்கிறார், இனிப் பயமில்லை என்று நினைத்தேன்.

அக்கா துணியை விலக்கிப் பார்த்தார். முழங்கைக்கு மேல் ஒரு பட்டையை இறுக்கிக் கட்டினார். ரத்தம் சொட்டுவது நின்றது. பிறகு என் கணவரின் வாய்க்கு அருகே காதைக் கொண்டுபோனார். என் கணவர் ஏதோ சொன்னார். பின்னால் இருந்து ஆட்கள் நெருக்கியதில் எனக்குக் கேட்கவில்லை. அக்கா ஒருமுறை தலையசைத்துவிட்டு, அவருடைய வலது மணிக்கட்டில் மஞ்சள் நாடாவைக் கட்டினார். நிமிர்ந்தார். எங்களைக் கடந்து போனார்.

சுவரோரம் ஒரு பெண் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பேச்சியம்மாள் என்று பெயர். அதே ஆலையில் வேலை பார்ப்பவர். தலையெல்லாம் சுண்ணாம்புத் தூசி. உடம்பில் ஒரு சொட்டு ரத்தம் இல்லை. "எனக்கு ஒண்ணுமில்ல தாயி, கொஞ்சம் தண்ணி மட்டும் குடுங்க, அவுகளப் பாருங்க" என்று செவிலியரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா தண்ணீர் கொடுக்கக் கூடாது என்றார். அந்தப் பெண்ணின் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். வயிற்றை அழுத்திப் பார்த்தார். ஸ்கேன் கருவியைக் கொண்டுவரச் சொல்லி வயிற்றில் வைத்துப் பார்த்தார். சிவப்பு நாடாவைக் கட்டி, இவரை முதலில் அறுவைக்கூடத்துக்குள் கொண்டுபோங்கள் என்றார்.

அப்போது அங்கே இரண்டு அறுவைக்கூடங்கள். ஒன்றில் தொடையில் ரத்தக்குழாய் அறுந்த ஓர் இளைஞரை இன்னொரு மருத்துவர் பார்த்துக்கொண்டிருந்தார். மீதி இருந்தது ஒன்றுதான். மதுரைக்குப் போகும் ஆம்புலன்ஸ்கள் தீக்காயம் பட்டவர்களை ஏற்றிக்கொண்டு போய்விட்டன. அதாவது, அந்தப் பெண் உள்ளே போனால் என் கணவர் வெளியே.

நான் ஓடிப்போய் அக்காவின் கையைப் பிடித்தேன்.

"அக்கா, இவருக்கு ரத்தம் கொட்டிக் கெடக்கு. அந்தப் பொம்பளைக்கு ஒரு கீறல்கூட இல்ல."

"அவங்களுக்கு வயித்துக்குள்ள கொட்டுது."

"இவரு கை?"

அக்கா என் முகத்தைப் பார்த்தே சொன்னார். "கை போனாலும் போகும். உசுரு போகாது. அவங்கள விட்டா உசுரு போயிரும்."

"நம்ம வீட்டு ஆளுக்கா" என்றேன்.

அக்கா என் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கிவிட்டு உள்ளே போனார். கதவு மூடிக்கொண்டது.

அங்கே என்னைப் போலவே கத்திக்கொண்டிருந்த இன்னொரு கூட்டம் ஆலை முதலாளியின் வீட்டார். முதலாளியின் அண்ணன் மகனுக்கு நெற்றியில் கண்ணாடி கிழித்திருந்தது. அவர் கையில் பச்சை நாடா. அவர்கள் என்னிடம் வந்து, "சொந்த மச்சினனையே இப்பிடிப் போட்டுட்டுப் போறாகளே, இவுக என்ன டாக்டர்?" என்றார்கள். சொல்ல வெட்கமாக இருக்கிறது. அந்த நேரத்தில் அவர்கள்தான் என் பக்கம் பேசுபவர்களாக எனக்குப் பட்டார்கள்.

நான் கணவரின் தலைமாட்டில் நின்றேன். செவிலியர் வந்து வந்து பட்டையைப் பார்த்து, நேரத்தைக் குறித்துக்கொண்டு போனார். என் கணவரின் விரல் நுனிகள் நீலமாகி, பிறகு சாம்பல் நிறமாயின. ஒரு மணி நேரம் ஆனது. இரண்டானது. அவர் முகட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரே ஒரு முறைதான் பேசினார். "பேச்சியம்மா உள்ள போயிருச்சா?" என்று கேட்டார். தன் கையை விட்டுவிட்டு யாரையோ விசாரிக்கிறாரே என்று அதற்கும் எனக்கு ஆத்திரம் வந்தது.

மூன்று மணி நேரம் கழித்துக் கதவு திறந்தது. பேச்சியம்மாளுக்கு மண்ணீரல் கிழிந்து வயிறு முழுக்க ரத்தம் நின்றிருந்தது. அதை எடுத்துவிட்டார்கள், பிழைத்துவிட்டார் என்றார்கள். சொந்தக்காரருக்குத் தானே கத்தி பிடிப்பது சரியல்ல என்று அக்கா என் கணவரை எலும்பு மருத்துவரிடம் ஒப்படைத்துவிட்டு, அடுத்த சிவப்பு நாடாவைப் பார்க்கப் போனார். என் கணவருக்கு மணிக்கட்டுக்கு மேலே கையை எடுத்தார்கள்.

அந்த விபத்தில் ஆலையிலேயே உயிரிழந்தவர்களும் உண்டு. அவர்கள் வீடுகளில் இருந்த துயரத்துக்கு முன்னால் எங்களுடையது ஒன்றுமில்லை. இன்று அது தெரிகிறது. அன்று தெரியவில்லை.

நான்காம் நாள் அக்காவைத் தனியாகப் பிடித்துக் கேட்டேன். முதலிலேயே பார்த்திருந்தால் கை நின்றிருக்குமா? செவிலியர்கள், மற்ற மருத்துவர்கள் எல்லோரும், அந்தக் கையை யார் பார்த்திருந்தாலும் காப்பாற்றியிருக்க முடியாது என்று எனக்கு ஆறுதல் சொல்லியிருந்தார்கள். அக்காவும் அதையே சொல்லியிருந்தால் நான் அழுதுவிட்டு அடங்கியிருப்பேன்.

"முதல்ல உள்ள கொண்டுபோயிருந்தா ரெண்டு விரலாவது நின்னிருக்கலாம்" என்றார் அக்கா. "உறுதியாச் சொல்ல முடியாது."

"அப்ப அந்தக் கைய எடுத்தது நீதான்" என்றேன்.

அதுதான் கடைசி. அடுத்த பதினோரு மாதம் நான் அக்காவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பொங்கலுக்கு அக்காவும் அத்தானும் வந்தார்கள். நான் உள் அறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். நான் அச்சகத்துக்குப் போயிருக்கும் நேரம் பார்த்து அக்கா வந்து, என் கணவரின் கைக்குக் கட்டு மாற்றிவிட்டுப் போவார். மேசையில் பழைய துணிச்சுருள் கிடப்பதைப் பார்த்துத்தான் அவர் வந்துபோனது எனக்குத் தெரியும். அம்மா இரண்டு மகள்களுக்கு நடுவே கிடந்து தவித்தார்.

மறு ஆண்டு ஆடி வெள்ளிக்கு இருக்கன்குடி கோயிலுக்குப் போனோம். நல்ல கூட்டம். கோயிலை விட்டு வெளியே வரும்போது ஒரு பெண் கூட்டத்தை விலக்கிக்கொண்டு எங்களிடம் வந்தார். பேச்சியம்மாள். மொட்டை போட்டிருந்ததால் எனக்குச் சட்டென்று அடையாளம் தெரியவில்லை. என் கணவரின் மொட்டைக் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

"டாக்டரம்மா சொகமா இருக்காகளா?" என்று கேட்டார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர் அதைக் கவனிக்கவில்லை. "அண்ணாச்சி மட்டும் திரும்ப உள்ள வந்து இழுக்கலைன்னா, நான் அங்கனயே மண்ணாப் போயிருப்பேன். அப்பத்தான மேக்கூரை இடிஞ்சு அவுக கை மேல விழுந்துச்சு" என்றார்.

ஓடி வரும்போது கல் விழுந்தது என்றுதான் என் கணவர் என்னிடம் சொல்லியிருந்தார். பேச்சியம்மாள் போன பிறகு கோயிலை ஒட்டிய ஆற்று மணலில் உட்கார்ந்தோம். ஏன் மறைத்தீர்கள் என்று கேட்டேன். மணலைக் கிளறிக்கொண்டே சொன்னார்.

"நாலு பேரு இருக்க வேண்டிய ரூமு அது. ஆர்டர் முடியணும்னு மேல இருந்து நெருக்குனாக. ஏழு பேர நான்தான் உக்கார வச்சேன். பேச்சியம்மாவ வேற ரூமுல இருந்து கூட்டியாந்து அங்கன விட்டதே நான்தான்."

பிறகு மீதியையும் சொன்னார். வெடித்ததும் சுவர் சரிந்து பேச்சியம்மாளின் வயிற்றின் மேல் கிடந்ததை அவர்தான் பார்த்தார். வெளியே இழுத்துப் போட்டார். மருத்துவமனையில் அக்கா குனிந்து காதைக் கொடுத்தபோது அவர் சொன்னது இதுதான்: "என்னைய விடுங்க மதினி. அந்தப் பொம்பள வயித்துல சுவரு விழுந்துருக்கு. அது வலிக்குதுன்னு வாயத் தொறக்காது."

"இத எங்கிட்டச் சொல்லியிருந்தா நான் அக்காவ அப்பிடிப் பேசியிருப்பனா?"

"சொன்னா, அந்த ரூமுல ஏன் அம்புட்டுப் பேருன்னு கேப்ப" என்றார். "மதினி எங்கிட்டக் கேட்டாக. இத அவகிட்டச் சொல்லட்டுமான்னு. வேண்டாம்னு நான்தான் கையெடுத்துக் கும்பிட்டேன். இருந்த ஒத்தக் கைய."

மறுநாள் அச்சகத்துக்கு விடுப்புச் சொல்லிவிட்டு மருத்துவமனைக்குப் போனேன். புறநோயாளிகள் வரிசை வாசல்வரை நின்றது. அக்கா ஒருவருக்குத் தையல் பிரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கத்தரிக்கோல் ஒரு கணம் நின்றது. பிறகு வேலையை முடித்து, கையைக் கழுவிக்கொண்டே கேட்டார். "அவரே சொன்னாரா?"

"சொன்னாரு."

"அப்பச் சரி."

நான் அழுதுகொண்டே, எத்தனை மாசம், நீ ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா என்றேன். நோயாளி என்னிடம் சொன்னதை நான் எப்படிச் சொல்வது என்றார். பிறகு, "எனக்கும் கஷ்டமாத்தான் இருந்துச்சு" என்றார். வாசலில் அடுத்த ஆள் நின்றுகொண்டிருந்தார். என்னை ஓரமாக உட்காரச் சொன்னார். வரிசை முடிய மதியம் இரண்டு மணி ஆனது. அதுவரை உட்கார்ந்திருந்தேன். அக்கா நோயாளிகளைப் பார்ப்பதை முழுதாக ஒரு வேளை நான் பார்த்தது அன்றுதான்.

விபத்தைப் பற்றிய வழக்கை இங்கே விரித்து எழுதுவது முறையல்ல. தன் பங்கை என் கணவர் நீதிமன்றத்தில் எழுந்து நின்று ஒப்புக்கொண்டார், அதற்குரிய தண்டனையையும் ஏற்றார் என்பதை மட்டும் சொல்கிறேன். அவர் உள்ளே இருந்த நாட்களில் என்னோடு வந்து தங்கியது அக்கா.

அக்காவிடம் குறையே இல்லை என்று எழுதினால் அவரே சிரிப்பார். இளம் மருத்துவர்களை எல்லோர் முன்னாலும் திட்டுவார்; பிறகு வருந்துவார்; மறுநாளும் திட்டுவார். மகளின் பள்ளி விழா ஒன்றுக்குக்கூட நேரத்துக்குப் போனதில்லை. அத்தான் தனியாகச் சாப்பிட்ட நாட்கள்தான் அதிகம். வந்தவர் எல்லோருக்கும் சமமாக இருந்தவர், வீட்டுக்கு மட்டும் கடைசி நாடாவைக் கட்டினார் என்று அத்தான் ஒருமுறை வேடிக்கையாகச் சொன்னார். அதில் வேடிக்கை பாதிதான்.

ஓய்வுக்கு இரண்டு ஆண்டு இருக்கும்போது அக்காவுக்குக் கணையத்தில் கட்டி வந்தது. தன் ஸ்கேன் படத்தைத் தானே வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, எவ்வளவு நாள் என்று தானே சொன்னார். ஏறக்குறைய அவ்வளவுதான் இருந்தார். கடைசி வாரங்களில் நான் உடனிருந்தேன். ஒரு பிற்பகல் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பயமா இருக்கு" என்றார். "எத்தன பேருகிட்ட பயப்படாதீகன்னு சொல்லியிருக்கேன். அது என்னன்னு தெரியாமலே சொல்லியிருக்கேன்." ஆறுதலுக்காகக்கூட அக்காவிடம் பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கையை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அக்காவின் நோய்க்காலத்தில் இரவு பகல் பாராமல் கவனித்த மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் துப்புரவுப் பணியாளர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் நன்றி உடையது. ரத்தம் கொடுக்க ஏழாயிரம்பண்ணையிலிருந்து வேனில் வந்து நின்ற சகோதரிகளுக்கும், அக்காவுக்குக் கஞ்சி காய்ச்சிக் கொண்டுவந்த பேச்சியம்மாளுக்கும், இறுதி ஊர்வலத்தில் தோள் கொடுத்தவர்களுக்கும், இம்மலரை அச்சிட்டுத் தந்த என் அச்சகத்தாருக்கும் நன்றி.

இன்னும் ஒரு நன்றி இருக்கிறது. அன்று உடலை எடுப்பதற்குச் சற்று முன், மாலையோடு வந்து நின்ற மருத்துவர்கள் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தொலைபேசி ஒலித்தது. இன்னொரு ஆலையில் விபத்து. அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். மூத்தவர் ஒருவர் தயங்கியபடி அத்தானிடம் வந்தார். அவர் கேட்கும் முன்பே அத்தான், "கெளம்புங்க" என்றார். மாலைகளை எங்கள் கையில் கொடுத்துவிட்டு ஓடினார்கள். அக்காவிடம் படித்தவர்களில் ஒருவர்கூடச் சுடுகாட்டுக்கு வரவில்லை. அப்படிப் பாதியில் போன அத்தனை பேருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அன்று சிவப்பு நாடாவோடு அறுவைக்கூடத்துக்குள் போனவர்கள் ஐந்து பேர். நான்கு பேர் வீடு திரும்பினார்கள்.

– தங்கை